ஓல்டு வார்டன் ஸ்டீம் ராலி: இரவு டெண்டில் தங்கலாமா, பகலோடு திரும்பிவிடலாமா?

லூட்டன்வாசி:
செப்டம்பர் நடுவில் பெட்ஃபோர்ட்ஷயர் ஓல்டு வார்டன் பார்க்கில் நடக்கும் ஸ்டீம் ராலிக்கு, அதாவது பழைய நீராவி இன்ஜின்களை ஓட்டிக் காட்டும் திருவிழாவுக்கு, போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, ஏழு வயதுப் பையன், இரண்டு வயதுப் பெண், அப்புறம் ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார். வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, அதனால் டெண்ட் எதற்கு என்கிறாள் மனைவி. பையன் குன்னூரில் மலை ரயிலைப் பார்த்த நாளிலிருந்து ஸ்டீம் இன்ஜின் பைத்தியம், இன்ஜின் பக்கத்திலேயே தூங்க வேண்டுமாம். கேம்பிங் போய் எங்களுக்குப் பழக்கமே இல்லை, தள்ளுபடியில் வாங்கிய டெண்ட் இரண்டு வருஷமாகப் பரணில் கிடக்கிறது. இரவில் அங்கே அப்படி என்னதான் இருக்கிறது? 68 வயதுக்காரருக்குக் குளிர் தாங்குமா?

கரிக்கை:
தங்குங்கள். மூன்று முறை தங்கியிருக்கிறேன், பகலில் போய்வந்த வருஷங்களில் பார்த்ததெல்லாம் பாதிதான் என்பது தங்கின பிறகுதான் தெரிந்தது. பெரிய டிராக்‌ஷன் இன்ஜின் (தண்டவாளம் இல்லாமல் சாலையிலும் வயலிலும் ஓடும் நீராவி வண்டி) ஒன்றை ஆறிய நிலையிலிருந்து கிளப்ப இரண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கும். விறகைப் போட்டுப் பற்றவைத்து, மேலே கரியைப் போட்டு, பாய்லர் மெல்லச் சூடாகி அழுத்தம் ஏற வேண்டும், அவசரப்படுத்தினால் பாய்லருக்குக் கேடு. நீங்கள் பத்து மணிக்கு டிக்கெட் வாங்கி உள்ளே வரும்போது இதெல்லாம் முடிந்து இன்ஜின்கள் உருள ஆரம்பித்திருக்கும். டெண்டில் இருந்தால் ஆறு மணிக்கே கண்ணைக் கசக்கிக்கொண்டு போய் நிற்கலாம், பனியும் புகையும் கலந்து தரையோடு கிடக்கும், கூட்டம் இருக்காது, டிரைவர்கள் டீயும் கையுமாக இருப்பார்கள், பையன் கேட்கிற நூறு கேள்விக்கும் நின்று பதில் சொல்வார்கள். என் மகளை ஒருவர் மேலே ஏற்றி எண்ணெய்க் குழல்களைக் காட்டி, கையில் ஒரு துணியையும் கொடுத்துப் பித்தளையைத் துடைக்கச் சொன்னார். வீட்டில் ஒரு டம்ளர் கழுவாதவள், அரை மணி நேரம் தேய்த்தாள்.

இரவுக்கு ஷோமேன் இன்ஜின்கள். அந்தக் காலத்தில் திருவிழா ராட்டினங்களை ஊர் ஊராக இழுத்துப் போனவை, முன்பக்கம் டைனமோ வைத்து அதே ஆவியில் மின்சாரமும் தரும். இருட்டினதும் கூரையைச் சுற்றி பல்பு வரிசை எரிய, பக்கத்தில் ஆர்கன் பாட, நம் ஊர்த் தேர் நிலைக்கு வந்து நிற்பது போல இருக்கும்.

குளிர்தான் ஏமாற்றும். பகலில் டி-ஷர்ட் போதும், விடியற்காலையில் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கிவிடும். மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம், குளிர் தரையிலிருந்துதான் ஏறும். மாமனாருக்கு மடக்குக் கட்டில் ஒன்று கொண்டுபோங்கள்.

பகல்போதும்:
எதிர்க்கட்சியாக ஒரு வார்த்தை. இரண்டு வயதில் மகனை வைத்துக்கொண்டு வேறொரு ராலியில் தங்கினோம். விசில் ஒன்று அடித்தது, பிள்ளை அன்றைக்கு முழுக்க இடுப்பை விட்டு இறங்கவில்லை. பக்கத்து வேன்காரர் ஜெனரேட்டரை இரவு பதினொன்று வரை ஓட்டினார். மறுநாள் மழை, வயல் சேறாகி, காரை டிராக்டர் வந்து இழுக்கவேண்டியதாயிற்று. கழிவறை பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. பெண்ணுக்குக் காதை மூடும் ஹெட்போன் வாங்குங்கள், அதை வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள். கேம்பிங் டிக்கெட்டை முன்கூட்டியே பதியுங்கள், வாசலில் கேட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள்.

உமிச்சாம்பல்:
தம்பி, மாமனாரைக் கட்டாயம் கூட்டிப்போங்கள், அந்த இடமே ஸ்டீம் இன்ஜின் காசில் வந்ததுதான். லிங்கனில் 1842இல் தொடங்கிய கிளேட்டன் அண்ட் ஷட்டில்வொர்த் கம்பெனி நீராவி இன்ஜினும் கதிரடிக்கும் இயந்திரமும் செய்து விற்றது. அந்த ஜோசஃப் ஷட்டில்வொர்த்தான் 1872இல் ஓல்டு வார்டன் எஸ்டேட்டை வாங்கினார், இப்போது நிற்கும் மாளிகை அதற்குப் பிறகு கட்டியது. ஆக, எந்த இன்ஜின் சம்பாதித்துக் கொடுத்ததோ அதன் இனம் வருஷத்துக்கு ஒருமுறை முதலாளி வீட்டுப் புல்வெளிக்கே வந்து புகைவிடுகிறது! அதே குடும்பத்துப் பேரன் ரிச்சர்ட் சேர்த்த பழைய விமானங்களும் எஸ்டேட்டிலேயே இருக்கின்றன, 1909ஆம் வருஷத்து பிளேரியோ ஒன்று உட்பட.

எனக்கு அங்கே பிடித்தது கதிரடிப்பு. இன்ஜினின் பெரிய சக்கரத்திலிருந்து நீளமான பெல்ட் ஒன்றைக் கதிரடிக்கும் இயந்திரத்துக்கு மாட்டி ஓட்டுவார்கள். தாத்தாவின் ரைஸ் மில்லில் உமியை எரித்து ஓடிய இன்ஜினிலும் இப்படித்தான் பெல்ட் தட்தட்டென்று அடிக்கும், கிட்டே போனால் பிரம்படி. சூடான எண்ணெயும் புகையும் சேர்ந்த அந்த வாசனை வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன், வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார்.

லூட்டன்வாசி:
எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை ஒரு இரவு மட்டும் என்று முடிவு. மனைவியும் சின்னவளும் சாயங்காலம் வீட்டுக்கு, நானும் பையனும் மாமனாரும் டெண்டில். உமிச்சாம்பல் அக்கா எழுதியதை மாமனாருக்குப் படித்துக் காட்டினேன், அவர் இப்போதே மங்கி குல்லாவை எடுத்து வைத்துவிட்டார். சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொள்கிறோம். ராத்திரி குளிருக்கு, கரித்தணலோடு பார்பிக்யூ தட்டை டெண்ட் வாசலுக்குள் வைத்துக்கொள்ளலாமா?

கரிக்கை:
வேண்டவே வேண்டாம். தணல் அணைந்த மாதிரி தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும், வாசனையே தெரியாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வெந்நீர்ப் பை போதும். இன்னொன்று, அறுவடையான வயலில் இடம் கொடுத்தால் தாள்கட்டை டெண்டின் அடித்துணியைக் குத்திக் கிழிக்கும், கீழே பழைய தார்ப்பாய் ஒன்று போடுங்கள். டெண்டை இந்த வாரமே தோட்டத்தில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள், இரண்டு வருஷம் பரணில் இருந்தது என்கிறீர்கள், கம்பு எல்லாம் இருக்கிறதா என்று எண்ணுங்கள்.