கலிபோர்னியாவின் பாதரசத் தடுப்பூசிச் சட்டம்: தடை செய்திருப்பதால் ஆபத்து என்று கொள்ள வேண்டுமா?

கேள்வி: நீலக்குறிஞ்சி

நாங்கள் சான் ஹோசேயில் வசிக்கிறோம். மகளுக்கு ஐந்து மாதம் ஆகிறது. மூன்று வயது நிறையாத குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் பாதரசம் கலந்த தடுப்பூசியைச் செலுத்தக் கூடாது என்று கலிபோர்னியாவில் ஒரு சட்டம் இருப்பதை அண்மையில்தான் அறிந்தேன். தடுப்பூசி கெடாமல் இருக்கச் சேர்க்கும் தைமரோசால் என்ற பாதரசச் சேர்மத்தால் தீங்கு இல்லை என்று எங்கள் குழந்தை மருத்துவர் சொல்கிறார். தீங்கில்லாத ஒன்றை மாநில அரசு எதற்காகத் தடை செய்ய வேண்டும்? அடுத்த மாதம் மதுரைக்குச் செல்கிறோம், ஆறாம் மாதத் தவணை அங்கேதான் வரும். ஆகவே இதை வெறும் ஆர்வத்தால் கேட்கவில்லை.

பதில் 1: மருந்துப்பெட்டி

தாங்கள் குறிப்பிடும் சட்டம் 2004இல் நிறைவேறி 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வாசகத்தைப் படித்தால், அது விதிப்பது ஓர் அளவு வரம்பு என்பது தெரியும்: 0.5 மில்லிலிட்டர் தவணை ஒன்றில் பாதரசம் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஃப்ளூ தடுப்பூசிக்கு மட்டும் 1 மைக்ரோகிராம் வரை இடம் உண்டு. தைமரோசாலைப் பாதுகாப்புப் பொருளாகச் சேர்த்த தடுப்பூசியில் வழக்கமாகத் தவணைக்கு ஏறத்தாழ 25 மைக்ரோகிராம் பாதரசம் இருக்கும். அதாவது, தயாரிப்பின்போது பயன்பட்டுச் சுத்திகரிப்புக்குப் பிறகும் எஞ்சும் சுவடளவைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. பாதுகாப்புப் பொருளாகச் சேர்ப்பதைத் தடுக்கிறது. பொதுச் சுகாதார நெருக்கடியோ தட்டுப்பாடோ ஏற்பட்டால் தடையைத் தற்காலிகமாக விலக்கவும் அதில் பிரிவு உண்டு. 2009இல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது கலிபோர்னியா அதைப் பயன்படுத்தியது. இதேபோன்ற சட்டம் இருந்த வாஷிங்டன் மாநிலமும் அவ்வாண்டு தன் வரம்பை நிறுத்திவைத்தது. நஞ்சு என்று உறுதியாக நம்பியிருந்தால், கொள்ளைநோய்க் காலத்தில் கர்ப்பிணிகளுக்கே அதைக் கொடுக்க வழி விட்டிருப்பார்களா?

பதில் 2: மேற்கு வெளி

முந்தைய பதிலின் கடைசி வாதம் எனக்கு வலுவாகப் படவில்லை. உண்மையிலேயே ஆபத்தான பொருளுக்கும் நெருக்கடி விலக்கு தருவது சட்டத்தில் வழக்கம்தான். விடை சட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளில் இருக்கிறது.

1997இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம் ஒன்று, உணவிலும் மருந்திலும் உள்ள பாதரசத்தைக் கணக்கெடுக்கும்படி உணவு மருந்து நிர்வாகத்தைப் பணித்தது. ஒவ்வொரு தடுப்பூசியாகப் பார்த்தபோது எவரும் பொருட்படுத்தாத அளவுகளைக் கூட்டிப் பார்த்ததில், முதல் ஆறு மாதங்களில் ஒரு குழந்தைக்கு அதிகபட்சம் 187.5 மைக்ரோகிராம் பாதரசம் வரை சேரக்கூடும் என்று தெரிந்தது. தைமரோசாலிலிருந்து உடலில் உண்டாவது எத்தில் பாதரசம். அதற்கெனத் தனி வரம்பு இல்லாததால், மீனில் காணப்படும் மெத்தில் பாதரசத்துக்கு வெவ்வேறு அமைப்புகள் வகுத்த வரம்புகளோடு ஒப்பிட்டார்கள், அவற்றுள் ஒன்றை அது தாண்டியது. 1999 ஜூலையில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் பொதுச் சுகாதாரத் துறையும் கூட்டாக, தீங்குக்குச் சான்று இல்லாவிட்டாலும் முன்னெச்சரிக்கையாக அதை நீக்கலாம் என்று அறிவித்தன. எத்தில் பாதரசம் குழந்தையின் இரத்தத்தில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பாதியாகக் குறைகிறது, மெத்தில் பாதரசத்துக்கு ஒன்றரை மாதம் ஆகிறது என்ற ஆய்வு முடிவு 2002இல்தான் வெளிவந்தது.

2001க்குள் ஆறு வயது வரையிலான வழக்கமான தடுப்பூசிகள் எல்லாம், ஃப்ளூ ஒன்றைத் தவிர, தைமரோசால் இல்லாமலோ சுவடளவோடோ வரத் தொடங்கிவிட்டன. எனவே 2004இல் அயோவா முதலில் சட்டம் இயற்றியபோதும், அடுத்துக் கலிபோர்னியா இயற்றியபோதும், தடுப்பதற்கு மிச்சமிருந்தது பெரும்பாலும் ஃப்ளூ தடுப்பூசியின் பல தவணைக் குப்பிதான், அதாவது ஒரே குப்பியிலிருந்து பலருக்கு ஊசி போடும் வகை. மாநிலச் சட்டமன்றங்கள் புதிய ஆபத்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. தைமரோசாலால் ஆட்டிசம் வரும் என்ற பெற்றோரின் அச்சத்துக்குச் சட்ட வடிவம் கொடுத்தன. அவ்வாண்டே தேசிய மருத்துவ நிறுவனத்தின் குழு சான்றுகளைப் பரிசீலித்து, தைமரோசாலுக்கும் ஆட்டிசத்துக்கும் காரண உறவு இல்லை என்ற முடிவுக்கு வந்தது.

பதில் 3: உப்புக்காற்று

அச்சத்தைத் தணிக்க இயற்றிய சட்டம் அச்சத்தை வளர்த்தது என்பதற்குத் தங்கள் கேள்வியே சான்று. 2008இல் கலிபோர்னியாவின் தரவுகளை வைத்தே செய்த ஆய்வில், தைமரோசால் நீங்கிய பிறகும் ஆட்டிசப் பதிவுகள் ஏறிக்கொண்டே போனது தெரிந்தது. சட்டம் அப்படியே இருக்கிறது.

அந்தப் பொருள் குப்பிக்குள் ஏன் வந்தது என்பதையும் மறந்துவிடுகிறோம். 1928இல் ஆஸ்திரேலியாவின் பண்டபர்க் நகரில், பாதுகாப்புப் பொருள் இல்லாத பல தவணைக் குப்பியில் கிருமி பெருகி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டுக்கொண்ட 21 குழந்தைகளில் 12 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு முறை ஊசி நுழையும்போதும் கிருமி உள்ளே போக வாய்ப்புண்டு. அதனால்தான் அமெரிக்க மைய அரசின் விதியே, சில விலக்குகளோடு, பல தவணைக் குப்பியில் பாதுகாப்புப் பொருள் இருக்க வேண்டும் என்கிறது. ஒற்றைத் தவணைக்கு மாறினால் சிக்கல் தீரும். செலவும் குளிர்பதன இடமும் கூடும், அதைக் கலிபோர்னியா தாங்கும். 2025 ஜூலையில் மையச் சுகாதார அமைச்சர் ஃப்ளூ தடுப்பூசி முழுவதற்கும் இதே வழியை ஏற்றபோதும் புதிய சான்று எதையும் நான் காணவில்லை.

நீலக்குறிஞ்சி

மூவருக்கும் நன்றி. மதுரையில் போடுவது கலிபோர்னியச் சட்டத்துக்கு முரணாகுமா? அங்கே எந்த வகை கிடைக்கும்?

மருந்துப்பெட்டி

முரணாகாது, மாநிலத்துக்கு வெளியே போட்டதை அச்சட்டம் தொடாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரும் பென்டாவேலன்ட் (கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி) பல தவணைக் குப்பியில் வருகிறது, அதில் தைமரோசால் உண்டு. திறந்த குப்பியை விதிகளின்படி பாதுகாத்து 28 நாள் வரை பயன்படுத்த முடிவது அதனால்தான். தனியார் மருத்துவமனைகளில் தைமரோசால் இல்லாத ஒற்றைத் தவணை ஊசி கிடைக்கும், விலை கூடுதல். எதைத் தேர்ந்தாலும் தவணையைத் தள்ளிப்போட வேண்டாம். அந்த வயதில் கக்குவான் இருமல் வந்தால் தாங்காது. இதுவரை போட்ட ஊசிகளின் அட்டையை எடுத்துச் செல்லுங்கள். அங்கே போடும் ஊசியின் பெயரையும் தேதியையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். திரும்பியதும் மருத்துவர் பதிவில் சேர்க்க அது தேவைப்படும்.