அண்ணாந்து எழுதினாலும் நிற்காத பேனா: பட்டறைக்குப் போகும் முன்

மன்னார்குடி:
ஏறுகிறவர்கள் எழுத, பட்டறையில் ஓர் உலோகப் பேனா கடைவது எப்படி என்ற கேள்விக்கு நாங்கள் நாலு ஊர்க்காரர்கள் சொல்வது இது. டெல்டாவில் மலை ஏது என்கிறீர்களா? பச்சைமலை, கொல்லிமலைக்கு வண்டி கட்டுகிறவர்களும், தென்னை ஏறி வண்டுக் குறிப்பு எடுக்கிறவர்களும்தான் கேட்கிறார்கள். சாதா பால்பாயின்ட் பேனாவை அண்ணாந்து பிடித்தால் மை முனைக்கு வராது, காற்று ஏறி நாலு வரியில் நின்றுவிடும். அதனால் முதலில் ரீஃபில், அப்புறம்தான் உடம்பு. அமெரிக்காவின் ஃபிஷர் பேனா கம்பெனி 1960களில் கொண்டுவந்த அழுத்த ரீஃபிலில் நைட்ரஜன் மையைத் தள்ளும், ஈரத்தாளிலும் எழுதும். கூட வரும் பிளாஸ்டிக் மூடியைச் செருகினால் பார்க்கர் பேனா ரீஃபில் அளவு, நீளம் 98 மி.மீ.

கும்பகோணம்:
லேத்தில் (கடைசல் இயந்திரம்) சொல்ல வேண்டியது: வெளி விட்டம் 11, உள்துளை 6.5, முனைத்துளை 2.5 மி.மீ. முனைத்துளை 3 ஆனால் எழுதும்போது டக் டக்கென்று ஆடும். ரீஃபிலைக் கையோடு கொண்டுபோய் வெர்னியர் அளவுகோலில் அளக்கச் சொல்லுங்கள். மூட்டும் மரை எம்9 (விட்டம் 9 மி.மீ.), பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 0.75. எம்8 போட்டால் மரைக்கும் துளைக்கும் நடுவே உலோகமே மிஞ்சாது, திருகும்போதே முறியும். மரைக்கு அடியில் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்). நம்மூரில் பித்தளை வேலைக்குக் குறைவில்லைதான். ஆனால் 120 மி.மீ. நீளத்துக்குப் பித்தளை 60 கிராம், அலுமினியம் 20. பித்தளை என்றால் சட்டைப்பை தொங்கும்.

வேதாரண்யம்:
அண்ணே, அலுமினியம் சரி. அதில் ஸ்டீல் கிளிப்பும் ஸ்க்ரூவும் போட்டால் எங்க பக்கத்து உப்புக்காற்றுக்கு அலுமினியம்தான் அரிக்கும். வெள்ளைப்பொடி பூத்து மரை இறுகிவிடும். அனோடைஸ் (மின்சார முறையில் காப்புப் பூச்சு) பண்ணினாலும் மரையில் பூச்சு தேய்ந்துபோகும். சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி தடவி, மாசத்துக்கு ஒருதரம் கழற்றி மாட்டணும். கடற்கரைக்காரர்களுக்கு முழுப் பித்தளையே மேல், கனத்தைப் பொறுத்துக்கணும்.

மன்னார்குடி:
சரிதான் தம்பி. கூடுதல் வேலைகளில் உடம்பில் 5 செ.மீ. அளவுகோல் பொறிப்பது ஒன்றுதான் உருப்படி; முத்துப்பேட்டைச் சேற்றில் பறவைத் தடம் அளக்க உதவும். கண்ணாடி உடைக்கும் கார்பைடு முனை, ஏறுகிறவர் இடுப்பில் குத்தும், வேண்டாம். விசில் வைத்தே ஆகணும் என்றால் உள்ளே உருண்டை இல்லாத வகை. உருண்டை நனைந்தால் சிக்கிக்கொள்ளும்.

திருவையாறு:
கயிறை யாரும் சொல்லவில்லையே! மேலிருந்து விழும் பேனா கீழே நிற்பவர் தலைக்கு ஆபத்து. பின்பக்கம் 3 மி.மீ. துளை, 2 மி.மீ. நைலான் கயிறு. துளையின் இரண்டு ஓரத்தையும் மழுக்காவிட்டால் கயிறை அறுத்துவிடும். கழுத்தில் மாட்டவே கூடாது, மட்டையில் சிக்கினால் சுருக்குதான். ஏறும்போது கட்டும் இடுப்புப்பட்டையின் பக்கவாட்டுக் கொக்கியில் மாட்டுங்கள், ஆளைத் தாங்கும் முன்வளையத்தில் வேண்டாம். சாவிக்கொத்துக் காரபைனர் (ஸ்பிரிங் கொக்கி) பேனாவுக்கு மட்டும்தான், அதில் கயிறு போட்டு ஏறிவிடாதீர்கள்.