நவம்பரில் குராஷிகி: பகலோடு திரும்புவதா, இரவு தங்குவதா?

கல்லடிப் பாலத்தடி:
நவம்பர் நடுவில் ஒரு பயிற்சிக்காக ஒசாகா போகிறேன். முடிந்த பிறகு ஞாயிறும் திங்களும் எனக்குச் சும்மா கிடைக்கும். கூட வருகிறவர்கள் எல்லாரும் கியோட்டோ, கியோட்டோ என்று நிற்கிறார்கள். இலை சிவக்கிற காலத்தில் அங்கே கோயில் வாசலில் சனம் நிற்கிற படத்தைப் பார்த்தே எனக்குக் களைத்துவிட்டது. மட்டக்களப்பு வாவிக்கரையில் வளர்ந்தவனுக்குத் தண்ணி ஓரமாக அமைதியாக நடக்கக் கிடைத்தால் போதும். அப்படித் தேடும்போதுதான் ஒகயாமாப் பக்கம் குராஷிகி என்ற பழைய கால்வாய் ஊரின் படம் கண்ணில் பட்டது. வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, கல் கட்டின கரை. யாராவது போயிருக்கிறீர்களா? ஒசாகாவிலிருந்து காலையில் போய்ப் பின்னேரம் திரும்பலாமா, இல்லை அறை எடுக்கத்தான் வேணுமா? அறை விலையைப் பார்த்தால் நெஞ்சு அடைக்குது.

சம்மாந்துறையான்:
ஒகயாமாவில் இரண்டு வருஷம் படித்தவன், அதனால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

சிவப்பு இலைக்காகத்தான் போகிறீர்கள் என்றால் குராஷிகி ஏமாற்றும். கால்வாய்க் கரையில் நிற்பது வில்லோ மரங்கள், கிளை தண்ணியைத் தொடுகிற மாதிரித் தொங்கும், அந்த இலை சிவக்காது, மஞ்சளாகிக் கொட்டும், அவ்வளவுதான். சிவப்பு வேணும் என்றால் முதலில் ஒகயாமாவில் இறங்கி கொராகுஎன் தோட்டத்தைப் பாருங்கள், 1700இல் கட்டி முடித்தது, ஜப்பானின் பேர்போன மூன்று தோட்டங்களில் ஒன்று. அங்கே மேப்பிள் மரங்கள் ஒரு கூட்டமாகவே நிற்கும், நீங்கள் போகிற நாள்கள்தான் அதற்குச் சரியான காலம். மத்தியானம் சாதாரண ரயிலில் ஏறினால் கால் மணித்தியாலம் சொச்சத்தில் குராஷிகி, ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம்.

குரா என்றாலே கிட்டங்கிதான், சாமான் அடுக்கிற களஞ்சியம். எங்கட கல்முனைப் பக்கத்தில் கிட்டங்கி என்று ஓர் இடம் இருக்கிறதே, அது மாதிரிப் பேர், ஆனால் மாரியில் தாம்போதிக்கு மேலால் தண்ணி பாயாது! ஷோகுன் என்ற படைத்தலைவர்களின் அரசு நேரடியாக ஆண்ட ஊர் அது, அந்தக் காலத்தில் கடல் வற்றுப்பெருக்கைப் பார்த்து நெல்லும் பருத்தியும் ஏற்றின படகுகள் இந்தக் கால்வாயால்தான் வந்துபோயின. கிட்டங்கிச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சதுரக் கறுப்பு ஓடு பதித்து, இடுக்கெல்லாம் வெள்ளைச் சாந்தை உருட்டி உருட்டிப் பூசியிருப்பார்கள், தடவினால் விரலுக்குள் உருண்டையாக நிற்கும். அதற்கு நமாகோச் சுவர் என்று பேர். நமாகோ என்றால் கடலட்டை! மீன்பிடிக்கிற ஊர்க்காரனுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இரவு தங்குங்கள் என்றுதான் சொல்வேன். பகலில் சனம் தள்ளும். நவம்பரில் ஐந்து மணிக்கே பொழுது பட்டுவிடும், கடைகளும் பூட்டத் தொடங்கும், வந்தவர்கள் எல்லாரும் ரயிலுக்கு ஓடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வெள்ளைச் சுவரும் விளக்கும் தண்ணிக்குள் தலைகீழாக நிற்க, உங்கள் செருப்புச் சத்தம் உங்களுக்கே கேட்கும். அறைக் காசு அதற்குத்தான். ஓஹாரா மியூசியம் வழமையாகத் திங்கள் பூட்டு, அதை ஞாயிறே முடித்துவிடுங்கள். 1930இல் திறந்தது, மேல்நாட்டு ஓவியத்துக்கென்று ஜப்பானில் முதல் வந்த மியூசியம். ஸ்பெயினில் வாழ்ந்த பழைய ஓவியர் எல் கிரேக்கோ வரைந்த ஒரு படம் இருக்கிறது, அதன் முன்னால் நான் அரை மணித்தியாலம் நின்றேன்.

மருதமுனைத் தறி:
சம்மாந்துறை நானா நெசவை விட்டுவிட்டாரே. அந்த ஊரின் காசே நூலில் வந்ததுதான். கடலை நிரவி எடுத்த நிலம், மண்ணெல்லாம் உப்பு, நெல் சரிவராது. உப்பைத் தாங்குகிற பருத்தியைப் போட்டார்கள், பாய் பின்னுகிற ஒரு கோரையையும் போட்டார்கள் (எங்கட பன்புல்லுக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்). பிறகு 1889இல் செங்கல்லில் நூல் ஆலை கட்டினார்கள். மியூசியம் கட்டின ஓஹாரா குடும்பம்தான் அந்த ஆலைக்கும் சொந்தக்காரர். ஆலைக்குள் சூடு குறையட்டும் என்று சுவரில் ஏற்றின ஐவிக் கொடி இன்னும் இருக்கிறது, அதுதான் அந்த ஊரில் உண்மையாகச் சிவக்கிற இலை. இப்போது அந்த ஆலை ஹோட்டல். தறிச் சத்தம் நின்றுபோன வீடுகள் எங்கட தெருவிலும் உண்டு, ஹோட்டலாக்க ஆள்தான் இல்லை.

சாப்பாட்டுக்கு மமகாரி என்ற சின்ன மீன் கேளுங்கள், வினாகிரியில் ஊறவைத்துத் தருவார்கள். பேரின் அர்த்தம் சோறு கடன் வாங்குவது, அதாவது வீட்டுச் சோறு முடிந்து பக்கத்து வீட்டில் கேட்கிற அளவுக்கு ருசியாம். எனக்கு நாலு மீனோடு போதும் என்றாகிவிட்டது. ஹலால் பார்க்கிறவர்கள், மீன்தானே என்று வாய் வைக்க முன் மிரின் என்ற இனிப்பு அரிசி மது சேர்த்ததா என்று கேளுங்கள், அதில் மதுசாரம் இருக்கும்.

கல்லடிப் பாலத்தடி:
தோணி ஏறலாமா? படத்தில் மூங்கில் தொப்பி போட்டு ஆட்கள் போகிறார்கள்.

சம்மாந்துறையான்:
ஏறலாம், இருபது நிமிஷம், தொப்பியும் அவர்களே தருவார்கள். அன்றன்றைக்கு விற்கிற டிக்கெட், போனவுடன் எடுக்காவிட்டால் முடிந்துவிடும். ஆனால் வாவியில் சவள் போட்டவனுக்கு அது தொட்டித் தண்ணி தம்பி.

வழிதவறினவன்:
ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலுக்கு ஷின்-குராஷிகி என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. பேரைப் பார்த்து நான் அங்கேயே இறங்கினேன். வெளியே வந்தால் கால்வாயும் இல்லை, கிட்டங்கியும் இல்லை. பழைய ஊர் அங்கிருந்து சாதாரண ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி. ஒகயாமாவில் மாறுவதுதான் சரி. வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்கிற கன்சாய் வைட் ஏரியா ரயில் பாஸ் குராஷிகி வரைக்கும் செல்லும், டிக்கெட் விலையோடு கணக்குப் பார்த்து எடுங்கள்.

கல்லடிப் பாலத்தடி:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு இரவுக்கு அறை போட்டுவிட்டேன், நெஞ்சு இன்னும் அடைத்தபடிதான். கடைசியாக ஒன்று, குடை கொண்டுபோகவா?

மருதமுனைத் தறி:
சுவெட்டர் கொண்டுபோங்கள், விடியக்காலை 7, 8 பாகைக்கு இறங்கும். குடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். நவம்பர் மழை இங்கேதான்.