புதுப்பிப்பு: ஏழாவது முறை யுபிஎஸ்சி எழுதவில்லை

"ஆறு முறை எழுதியாச்சு, 32 வயசு, இன்னொரு முறை எழுதணுமா?" என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"உங்களைக் கலெக்டர் ஆகச் சொன்னது யார்? பேரை எழுதிப் பாருங்க" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. தாளில் என் பேர் மட்டும்தான் இருந்தது. இனி எழுதப் போவதில்லை என்று அப்பாகிட்ட தயங்கித் தயங்கிச் சொன்னேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீயா சொல்லுவேன்னு ரெண்டு வருஷமா காத்திருந்தேம்மா" என்றார். இதை எதிர்பார்க்கவே இல்லை.

இதே குழப்பத்தில் தேடி வருபவர்களுக்கு: ஓபிசிக்கு (இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு) 9 முறை, 35 வயது வரை வாய்ப்பு உண்டு. விண்ணப்பித்தால் மட்டும் அது ஒரு முறையாகக் கணக்கில் சேராது. முதல்நிலைத் தேர்வில் ஒரு தாளாவது எழுதினால்தான் சேரும். நான் விண்ணப்பித்திருந்தேன், ஆனால் தேர்வுக்குப் போகவில்லை. அன்று காலை 9.30 மணிக்கு, தாள் கொடுக்கும் நேரத்தில், கொஞ்சம் அழுதேன். மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். இப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன்.