லோக்கியா, வில்லானியா? ஏமாந்த கதையைச் சொல்லுங்க

ஆழக்கண்:
மூணு வருஷமா "குரோமோடோரிஸ் லோக்கி"ன்னு பேர் போட்டு வெச்சிருந்த படம் ஒண்ணு. ஓடில்லாத கடல் நத்தை, வெளிர்நீல முதுகு, நீளவாக்குல கறுப்புக் கோடு. நேத்து ராத்திரி சும்மா பெரிசு பண்ணிப் பார்த்தா, செவுள் கொத்துல உப்பைத் தூவின மாதிரி வெள்ளைப் பொட்டு! தலைக் கொம்புலயும் அதேதான். லோக்கிக்கு ரெண்டும் பொட்டில்லாம ஒரே நிறமா இருக்கும். பொட்டு இருந்தா வில்லானி. 1982ல ரெண்டுக்கும் பேர் வெச்சவர் ஒரே ஆள், ரட்மன். அவருக்குக் குழப்பமில்ல, எனக்குத்தான். இதை எத்தனை பேருக்கு அனுப்பித் தொலைச்சேனோ.

பவளக்கிளை:
என்னைப் படுத்தினது அன்னே. (அண்ணே இல்லங்க, குரோமோடோரிஸ் அன்னே.) எலிசபெத்தினாவும் அதுவும் நீலம், கறுப்புக் கோடு, உடம்பைச் சுத்தி மஞ்சளோ ஆரஞ்சோ கரை. டார்ச் இல்லாம 20 மீட்டர் ஆழத்துல அந்தக் கரையெல்லாம் அழுக்கு நிறம். சிவப்பையும் ஆரஞ்சையும் தண்ணி முதல்ல தின்னுடும். இப்ப வெளிச்சம் அடிச்சு நீலத்தை மட்டும் பார்க்கிறேன். அதுல பொடிப்பொடியா கறுப்பு இறைஞ்சிருந்தா அன்னே.

நண்டுக்கால்:
செவுளைப் பாருங்கறீங்க. பில்லிடியான்னு இன்னொரு கடல் நத்தை வகை, அதுக்கு முதுகுல செவுளே கிடையாது, அடிப்பக்க ஓரத்துல ஒளிச்சு வெச்சிருக்கும். நீல மேடு, உச்சியில மஞ்சள்னு வாரிகோசாவும் செலஸ்டிஸும் ஒரே அச்சு. வாரிகோசாவுக்கு மட்டும் பாதத்துக்கு அடியில ஒரு கறுப்புக் கோடு. புரட்டினா தெரியும், ஆனா புரட்ட மனசு வராது. பாறை விளிம்புல அது ஏறுற வரைக்கும் காத்துக் கிடந்தேன். சிலிண்டர்ல காத்து குறையுது, கூட வந்தவர் மேல வான்னு கட்டைவிரலைக் காட்டறார். கடைசியில கீழிருந்து ஒரு கிளிக். கோடு இருந்துச்சு!

இன்னொண்ணு, இது மானக்கேடு. ஒரு குட்டியை "செலஸ்டிஸ்"னு போட்டேன். நத்தையே இல்ல, கடல் அட்டைக் குஞ்சு. பில்லிடியா நஞ்சு மீன்களுக்கு ஆகாது, இந்தக் குஞ்சு அந்த வேஷத்தைக் கட்டிக்கிட்டுத் தப்பிக்குது. தலையில ரெண்டு கொம்பு இருக்கான்னு நான் தேடவே இல்ல.

ஆழக்கண்:
அட்டையா! என் கதை பரவாயில்ல போல.

குரோமோடோரிஸ் பத்தி 2018ல வந்த டிஎன்ஏ ஆய்வைப் படிச்சா இன்னும் தலை சுத்துது. ஒரே இனத்துக்குள்ளயே நிறம் மாறுதாம், வேற வேற இனம் ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டுத் திரியுதாம். அந்தப் படத்தை வில்லானின்னு திருத்திட்டேன். ஆல்பத்துல இன்னும் 17 "லோக்கி" பாக்கி. பாதிப் படத்துல செவுளை உள்ள இழுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு.