மலைமேல் வீட்டில் ராத்திரி விருந்து: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கேத்தி அக்கா:

பொங்கல் லீவுக்கு நாத்தனார் குடும்பமும் அவர்களுடைய சம்பந்தி வீட்டாரும் கோயம்புத்தூரிலிருந்து மேலே, ஊட்டிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இருபது பேருக்கு ராத்திரி சாப்பாடு. சம்பந்தி அம்மாள் சமையலில் கைதேர்ந்தவர், குறை கண்டுபிடிப்பதில் அதைவிட. அவரே இரண்டாம் தடவை சாதம் கேட்டு வாங்கினார். விருந்து நன்றாக நடந்தது என்று நான் சொல்வது அந்தத் தைரியத்தில்தான்.

இந்த ஊரில் விருந்தைக் கெடுப்பது குளிர். உப்பு கூடிவிட்டால் எதையாவது சேர்த்துச் சமாளிக்கலாம். ஆறிப்போன சாப்பாட்டை இருபது பேருக்கு முன்னால் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் என்ன சமைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், எது சூடாகவே இலைக்கு வரும் என்று யோசிப்பேன்.

முதலில் அடுப்பு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பது கண்ணுக்குத் தெரியும், உள்ளே பருப்பு வேகாது. கொண்டைக்கடலை, ராஜ்மா எல்லாம் திறந்த பாத்திரத்தில் போட்டால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். குக்கரிலும் கீழே மூன்று விசில் என்றால் இங்கே ஐந்து வைக்கிறேன். கடலையை வெந்நீரில் ஊறப்போடுவேன். தை மாதக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் காலையிலும் கல்லாகவே இருக்கும். கீழே இருந்து வருகிற உறவினர்கள் "நான் சாதம் வடிக்கிறேன், நீ போ" என்று கரண்டியைப் பிடுங்கினால் கொடுக்காதீர்கள். அவர்களுடைய கைக்கணக்கு கோயம்புத்தூர்க் கணக்கு.

அடுத்தது மட்டன். விருந்து என்றால் மட்டன் வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. உறைபனி விழுகிற ராத்திரியில் தட்டில் விழுந்த ஐந்து நிமிடத்தில் கொழுப்பு உறைந்து, மேலண்ணத்தில் மெழுகு பூசியது மாதிரி ஒட்டிக்கொள்ளும். கோழிக்கொழுப்பு அவ்வளவு சீக்கிரம் இறுகாது. அதனால் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்புதான், மட்டன் சித்திரைக்கு. தேங்காய் எண்ணெய்த் தாளிப்பும் அப்படித்தான் உறையும். பாயசத்துக்கு நெய்யைப் பரிமாறும் நேரத்தில் சுடவைத்து ஊற்றுவேன்.

எவர்சில்வர் தட்டை அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே போடாதீர்கள். பெரிய அண்டாவில் வெந்நீர் வைத்து, அதில் முக்கித் துடைத்துத் துடைத்துக் கொடுக்க ஒரு பையனை உட்காரவைத்தேன். சம்பந்தி அம்மாள் தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது என்ன புதுசா?" என்று கேட்டார். சாப்பிட்டு முடித்ததும் அவரே தன் மருமகளிடம் அதை விளக்கிக்கொண்டிருந்தார். பொரியலுக்கு இங்கத்திய பட்டர் பீன்ஸ், கேரட். ரசத்தில் மரத்தக்காளி. கீழே கிடைக்கிற எதையும் செய்து போட்டி போடவில்லை.

ஏழு மணிக்கு முதல் பந்தி. எட்டரைக்கு எல்லோரும் கம்பளிக்குள். ஒன்பது மணி டின்னர் என்கிற பழக்கமெல்லாம் மேட்டுப்பாளையத்தோடு முடிந்துவிட வேண்டும்.

குன்னூர் அண்ணாச்சி:

அக்கா சமையலைச் சொல்லிவிட்டார், நான் சாலையைச் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வர 14 கொண்டை ஊசி வளைவுகள். பாதி விருந்தாளிகள் வாசலில் இறங்கும்போதே முகம் வெளிறித்தான் நிற்பார்கள். அந்த நேரத்தில் தட்டு நிறைய பஜ்ஜியை நீட்டுவது பாவம். இஞ்சி தட்டிப் போட்ட கட்டன் சாயா, ஒரு வர்க்கி (எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட்), ஒரு மணி நேரம் படுக்கை. அப்புறம் பாருங்கள், எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று.

கிளம்புவதற்கு முன்னாலேயே வண்டிக்கு இ-பாஸ் எடுக்கச் சொல்லிவிடுங்கள். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேண்டும். சீசனில் கூட்டம் அதிகம் என்றால் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று மாற்றிவிடுவார்கள். அதையும் சொல்லிவையுங்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. மகளுடைய நிச்சயத்துக்கு முந்தின நாள் ராத்திரி நெருங்கின ஆட்களுக்கு மட்டும் சாப்பாடு. மச்சான், உதவி செய்கிறேன் பேர்வழி என்று, கீழே இருந்து பிளாஸ்டிக் தட்டும் கப்பும் தண்ணீர் பாட்டிலும் கட்டுக்கட்டாக வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். செக்போஸ்ட்டில் அத்தனையையும் எடுத்துவைத்துக்கொண்டு அபராதமும் போட்டு அனுப்பினார்கள். தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது, நீலகிரியில் அதற்கும் பல வருஷம் முன்பே இருந்தது. மனுஷனுக்கு அது தெரியவில்லை. கடைசியில் பக்கத்து மூன்று வீடுகளிலிருந்து தட்டு, டம்ளர் வந்தன. தட்டு கொடுத்த வீட்டுக்காரர்களையும் உட்காரச் சொல்லாமல் இருக்க முடியுமா? ஆள் கணக்கு ஏறிவிட்டது, சாம்பாரில் வெந்நீரும் ஏறியது. எங்கள் வீட்டு விசேஷங்களிலேயே கலகலப்பானது அதுதான்.

இப்போதெல்லாம் பாக்குமட்டைத் தட்டு வாங்கி வைத்துவிடுகிறேன். எவர்சில்வரைவிடச் சூடும் நிற்கிறது. வாழையிலை இங்கே மேட்டுப்பாளையத்திலிருந்துதான் ஏறி வரவேண்டும், மழையில் சாலை அடைபட்டால் இலை கிடையாது.

கோத்தகிரி வாத்தியார்:

எங்கள் பக்கம் கூப்பிடாத விருந்தாளியும் உண்டு. போன வருஷம் பழைய மாணவர்கள் சிலர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து கிளம்பக் கதவைத் திறந்தால், தேயிலை ஓரத்தில் அவர்கள் நிறுத்தியிருந்த காருக்குப் பக்கத்தில் ஒரு காட்டெருமை. தனியாள், பெரியது. பையன்களில் ஒருவன் செல்போனில் ஃப்ளாஷ் போடப் போனான், கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். கதவைச் சாத்திவிட்டு மறுபடி டீ போட்டோம். அது நகர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் பள்ளிக்கூடத்தில் என்னென்ன செய்தார்கள் என்று ஒவ்வொன்றாக என்னிடமே ஒப்புக்கொண்டார்கள். அடித்திருக்க வேண்டும்.

காட்டெருமையைவிடக் கரடிக்குத்தான் நான் பயப்படுகிறேன். எண்ணெய் வாடைக்கு வரும். பொரித்த சட்டி, எச்சில் வாளி எதையும் ராத்திரி வெளியே வைக்காதீர்கள். பின்கட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் போதாது. பாத்திரம் தேய்ப்பதை உள்ளேயே முடித்துவிட்டு, மிச்சத்தை விடிந்தபிறகு கொட்டுங்கள்.

கொடை நர்ஸ்:

நான் நீலகிரி இல்லை, கொடைக்கானல் இருக்கிற பழனி மலைக்காரி, இருந்தாலும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. விருந்து என்றால் இப்போது எல்லா வீட்டிலும் பார்பிக்யூ. வெளியே சுடுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள். குளிருகிறதே என்று அந்தக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து ஜன்னலைச் சாத்தாதீர்கள். தழல் அடங்கிவிட்டது போல இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. முதலில் தலைவலி, வாந்தி, மயக்கம். மலை ஏறின களைப்பு என்றோ, குடித்தது ஒத்துக்கொள்ளவில்லை என்றோ நினைத்துத் தூங்கிவிடுவார்கள். கொடைக்கானலில் இப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். குமுட்டி அடுப்புக்கும் இதே விதிதான்.

அக்கா, அடுத்த தடவை மரத்தக்காளி ரசத்தில் எங்கள் மலைப்பூண்டு நாலு பல் தட்டிப் போட்டுப் பாருங்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கின பூண்டு. வாசம் கூடத்துக்கே வரும்.

பொள்ளாச்சி மருமகள், இப்போது ஊட்டி:

விருந்து சரி. ராத்திரி தங்குகிறவர்களுக்கு மறுநாள் காலை இட்லி எப்படிப் போடுகிறீர்கள்? எனக்கு மாவு பொங்குவதே இல்லை. மாமியார் ஒரு மாதிரி பார்க்கிறார்.

கேத்தி அக்கா:

ராத்திரி அரைத்தால் எப்படிப் பொங்கும்? முந்தின நாள் காலையிலேயே அரைத்துவிடு. அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் விடு, உளுந்தையும் வெந்தயத்தையும் கொஞ்சம் கூட்டிக்கொள். பாத்திரத்தைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி, வெந்நீர்ச் சொம்போடு பெரிய ஹாட் பாக்ஸில் வைத்து மூடு. தண்ணீர் ஆறினால் மாற்று. தயிருக்கும் இதே ஏற்பாடுதான். அப்படியும் பொங்கவில்லை என்றால் தோசை ஊற்று, மாமியாருக்கு முதல் தோசையை முறுகலாகக் கொடு.