சரிபாதி அணுக்கருவோடு உங்களுக்கு ஏற்பட்ட அனுபவம் என்ன?

கானாடுகாத்தான், ஆய்வு மாணவர்:

புரோட்டானும் நியூட்ரானும் சம எண்ணிக்கையில் உள்ள அணுக்கருக்கள்தான் என் ஆய்வு. விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அப்பத்தா, "அப்படி என்னத்தப்பா தேடுறே?" என்று கேட்டார்கள். வீட்டு வளவுச் சுவரைத் தொட்டுக் காட்டினேன். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுவர். இன்றைக்கும் கை வைத்தால் வழுக்கும். இறுகிய சுண்ணாம்பு என்றால் கால்சியம், கார்பன், ஆக்சிஜன். அநேகமாக எல்லாமே சரிபாதி: 20-20, 6-6, 8-8.

"சுவத்துலயே இருக்குன்னா வெளியூர் போய்த் தேடுவானேன்?"

நியாயமான கேள்வி. 20-20 உள்ள கால்சியம்-40-ஐத் தாண்டினால் நிலையான சரிபாதிக் கரு ஒன்றுகூடக் கிடையாது. புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் விசை கூடக்கூட, கரு சிதறாமல் இருக்க நியூட்ரான் அதிகமாக வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் உள்ள சரிபாதிகளை நாமேதான் உண்டாக்க வேண்டும். 50-50 உள்ள டின்-100 என்ற வெள்ளீயக் கரு 1994-இல்தான் முதன்முதலில் ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் பிடிபட்டது.

இவ்வளவு பாடு எதற்கு? கனமான கருக்களில் பொதுவாகப் புரோட்டான் புரோட்டானோடும், நியூட்ரான் நியூட்ரானோடும் ஜோடி சேரும். சரிபாதியில் இரண்டும் ஒரே சுற்றுப்பாதைகளில் இருப்பதால் கலப்பு ஜோடிக்கும் வழி உண்டு. நம் நகரத்தார் கோயில் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி அல்லவா, அப்படி என்றேன். அப்பத்தாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. 2011-இல், 46-46 உள்ள பல்லேடியம்-92 கரு ஆற்றலில் படிப்படியாக இறங்கும்போது வெளிவிடும் முதல் மூன்று காமாக் கதிர்களைக் கண்டார்கள்: 874, 912, 750 கிலோ எலக்ட்ரான் வோல்ட். ஏறக்குறைய சமமான படிகள். கலப்பு ஜோடிகள்தான் காரணம் என்றார்கள். அந்த விவாதம் எனக்கு இன்னும் தீரவில்லை.

என் முதல் இரவு ஷிஃப்டைச் சொல்கிறேன். இரண்டு கருக்களை மோதவிட்டுத்தான் சரிபாதிக் கருவை உண்டாக்குகிறோம். மோதலுக்குப் பிறகு சரியாக இரண்டு நியூட்ரான் வெளியேறிய நிகழ்வுகளை மட்டும் பொறுக்க வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு, காமாக் கதிர் வரைபடத்தில் எதிர்பார்த்த இடத்தில் ஒரு முகடு எழும்பியது. எனக்குக் கை நடுங்கியது. சீனியர் அக்கா ஒன்றும் பேசாமல், பக்கத்துப் பக்கத்து டிடெக்டர்களில் பதிவான ஜோடிகளை நீக்கினார். முகடு காணாமல் போனது. ஒரே நியூட்ரான் ஒரு டிடெக்டரில் பட்டுத் தெறித்து அடுத்ததிலும் பட்டிருக்கிறது. நான் அதை இரண்டாக எண்ணியிருக்கிறேன். அன்றிலிருந்து எந்த முகட்டைப் பார்த்தாலும் முதலில் இரண்டு நியூட்ரான் பதிவுகளுக்கும் இடையிலான நேர வித்தியாசத்தைத்தான் பார்க்கிறேன்.

தேவகோட்டை, பள்ளி ஆசிரியை:

தம்பி, உங்கள் சுவர்க் கணக்கை அப்படியே பத்தாம் வகுப்பில் சொன்னேன். பிள்ளைகளை ஒரு பழைய வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டேன். ஒரு பையன் முகப்பு இரும்புத் தூணைத் தட்டி, "இது 26-30 ஆச்சே டீச்சர், சரிபாதி இல்லையே?" என்றான்.

இப்போது இல்லை, ஒரு காலத்தில் இருந்தது என்றேன். நட்சத்திரம் வெடிக்கும்போது உண்டாவது நிக்கல்-56, அதாவது 28-28. ஆறு நாளில் அதில் பாதி கோபால்ட்-56 ஆகிவிடும். அந்தக் கோபால்ட்டில் பாதி இரும்பாக மாற 77 நாள். பூமியில் உள்ள இரும்பில் பெரும்பகுதி அந்த வழியாக வந்ததுதான்.

பையன் பதில் சொல்லவில்லை. தூணில் காதை வைத்து இன்னொரு தடவை தட்டினான்.